தஞ்சாவூரில் இரண்டு நாள்: அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அடிச்சுவரைப் படியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 70 வயதைக் கடந்த அம்மாவையும் 12 வயது மகனையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு இரண்டு நாள் போகிறீர்கள், பெரிய கோயிலுக்கு ஒரு மணி நேரம் போதுமா, அரண்மனையில் இருக்கும் கலைக்கூடத்துக்குப் போவது வீணா, அந்த நேரத்தைக் கும்பகோணத்துக் கோயில்களுக்குக் கொடுத்துவிடலாமா? ஆனால் கடைசி வரியில், "முன்பு ஒருமுறை போயிருக்கிறோம், விமானம் பெரிதாக இருந்தது என்பதைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்தெந்த இடங்கள் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். பார்த்தது மனதில் நிற்க என்ன வழி என்பதற்கு மட்டும் என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

நான் படித்தது கல்வெட்டியல். மாணவர்களை அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலின் சுவர்களைச் சுற்றி வந்த பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. ஆகையால் எழுத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சிற்பம், ஓவியம், கட்டுமானம் ஆகியவற்றில் நான் பிறருடைய ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டவன். அங்கே எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு மணி நேரக் கணக்கை விட்டுவிடுங்கள். கோயிலின் உள்முற்றம் மட்டுமே ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்டது. ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கலாம், தரிசனமும் செய்யலாம். ஆனால் அப்படிப் போகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வாயிலைத் தாண்டியதும் அண்ணாந்து பார்க்கிறார்கள், நந்திக்கு முன்னால் படம் எடுக்கிறார்கள், வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். சுமார் 60 மீட்டர் உயரமுள்ள விமானம், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரம், கண்ணை மேலே இழுத்துக்கொள்ளும், அது இயல்பு. 216 அடி என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அளவு எதுவானாலும் எண்ணாக அது மனதில் தங்காது. தங்குவதற்குரியது கீழே, உங்கள் மகனின் கண் உயரத்திலும் அதற்குக் கொஞ்சம் மேலும் கீழும், விமானத்தின் அதிட்டானத்தை, அதாவது அடிப்பீடத்தை, சுற்றி வரி வரியாக வெட்டப்பட்டிருக்கிறது.

முதலாம் இராஜராஜன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். அவனுடைய 25-ஆவது ஆட்சியாண்டின் 275-ஆவது நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்கு வயது சொல்வது இந்த ஒரு நாள்தான். தான் எடுப்பித்த கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, சேர்ந்த கொடைகளைக் கல்லில் எழுதச் சொன்ன அவனுடைய ஆணையும் அங்கேயே இருக்கிறது: "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்கிறான். அக்கன் என்பது குந்தவை. பேரரசன் ஒருவன் தன் பெயருக்கு அடுத்து அக்காளின் பெயரை, பிறகு மனைவியரை, பிறகு பெயர் தெரியாத யார் யாரோ கொடுத்ததையும் ஒரே மூச்சில் சேர்க்கிறான். நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதுகிறோமே, அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பாருங்கள். யார், என்ன, எவ்வளவு எடை, எதற்காக என்ற அதே ஒழுங்கு.

அந்த ஒழுங்கின் கடுமையைச் சொன்னால்தான் நான் ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்பது புரியும். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். மணிகள் பதித்த நகைகளுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று தனி எடைக்கல். செப்புப் படிமம் ஒன்று கோயிலுக்கு வந்தால், பாதாதி கேசாந்தம், அதாவது பாதம் முதல் முடிவரை, எத்தனை முழம் எத்தனை விரல் உயரம், எத்தனை கை, உள்ளே கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா, பீடம் எவ்வளவு, பிரபை (படிமத்தைச் சூழும் ஒளிவளையம்) உண்டா என்று ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கிறது. இப்படிப் பதிவான படிமங்கள் 60-க்கும் மேல். கோயில் நிர்வாகத்தைப் பார்த்துவந்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான், சம்பந்தர், அப்பர், சுந்தரர், அவர் மனைவி நங்கை பரவை ஆகியோருக்குப் படிமம் எடுத்ததையும், இராஜராஜனுக்கும் அவன் தேவி ஓலோகமாதேவிக்கும் படிமம் எடுத்ததையும் அந்த எழுத்து நமக்குச் சொல்கிறது.

திருச்சுற்றின் சுவரில் இன்னும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்கு அழைத்துவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயில் பணிப் பெண்களின், பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், தெற்குத் தளிச்சேரியா வடக்குத் தளிச்சேரியா, தெருவின் தென்சிறகா வடசிறகா, அதாவது தென்வரிசையா வடவரிசையா, தலைவீட்டிலிருந்து எத்தனையாவது வீடு என்றுகூட எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பெயர்கள் எல்லாம் நக்கன் என்று தொடங்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த 400 பெண்களின் வீட்டு முகவரி ஓர் ஊரில் இருக்கிறது என்றால், அதைப் பார்க்காமல் அந்த ஊரைவிட்டு வரலாமா? நடனமாடியவர்கள் மட்டுமல்ல, திருப்பதியம் பாடியவர்கள், கணக்கர், தையற்காரர், நாவிதர், தச்சர் என்று கோயிலில் உழைத்தவர்கள் அந்தப் பட்டியலில் தொடர்ந்து வருகிறார்கள். கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சனின் பெயரும் தெரியும்: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். அரசனின் பெயரையே பட்டமாகப் பெற்ற கைவினைஞன்.

மகனால் இதைப் படிக்க முடியுமா என்று கேட்பீர்கள். வரியாகப் படிக்க முடியாது. எழுத்தாகப் பிடிக்க முடியும். ட, ப, ம, வ, ய போன்றவை இன்றைய வடிவத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. க மட்டும் சிலுவைக்குறி போல் இருக்கும். பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் காட்டமாட்டார்கள். வடசொற்கள் கிரந்த எழுத்தில் இருக்கும். கல்வெட்டுகள் பலவற்றின் தொடக்கத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல் வரும். அதை முதலில் தேடச் சொல்லுங்கள். அடுத்து 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்று தொடங்கும் இராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது அவன் புகழைச் சொல்லும் முன்னுரை. இந்த நான்கு சொற்களை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சுவரில் அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்களைச் சுவரிலிருந்து நகர்த்துவதுதான் சிரமம். கல்லை விரலால் தடவவோ, எழுத்து தெரிய மாவு பூசவோ விடாதீர்கள்.

இனி, கோயிலில் உங்களிடம் சொல்லப்படும் கதைகளைப் பற்றி. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். விழும். காலை 7 மணிக்கு மேற்குப் பக்கம், கருவூர்த் தேவர் சன்னிதி இருக்கும் புறம் போய் நில்லுங்கள். நீங்கள் நிற்பதே அந்த நிழலில்தான். உச்சியில் இருக்கும் சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் சரியன்று. பல கற்களை இணைத்துச் செய்தது என்று கட்டடத்தை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கற்களை எப்படி மேலே ஏற்றினார்கள் என்பது வேறு. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் போட்டார்கள் என்ற கதை ஊர்ப்பெயரை வைத்துச் சொல்லப்படுவது. கல்வெட்டில் அதற்கு ஆதாரம் இல்லை. மண்சாரம் கட்டி ஏற்றியிருப்பார்கள் என்பது நியாயமான ஊகம், அவ்வளவே. விமானத்தின் வடபுறத்தில் தொப்பி அணிந்த ஐரோப்பியரைப் போன்ற உருவம் தெரியும். வெள்ளைக்காரர் வருவார் என்று இராஜராஜன் முன்கூட்டியே அறிந்தான் என்பார்கள். மேல்நிலைகளில் உள்ள சுதை வேலைகள் நாயக்கர், மராத்தியர் காலங்களில் புதுப்பிக்கப்பட்டவை. அந்த உருவத்தையும் அந்தக் காலத்தோடு பொருத்திப் பார்ப்பதே அறிவுக்கு உகந்தது. எந்த நாட்டவர் என்பது பற்றி ஒத்த கருத்து இல்லை. பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. நந்தி வளர்கிறது என்பது வெறும் கதை.

இந்தக் கதைகள் என்னை வருத்துவது ஏன் என்றால், உண்மையில் வியக்க வேண்டியதை அவை மறைத்துவிடுகின்றன. தஞ்சாவூர் காவிரியின் வண்டல் மண் பூமி. கோயிலுக்கு வேண்டிய கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் எங்கும் கிடையாது. அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். புதுக்கோட்டை வட்டாரத்துக் குன்றுகளைப் பெரும்பாலோர் கைகாட்டுகிறார்கள். அவ்வளவு கல்லை வரவழைத்து, உள்ளே கூடாகவும் வெளியே மலையாகவும் அடுக்கி, ஒரே மன்னனின் ஆட்சிக்குள் முடித்தார்கள் என்பதற்கு எந்த மந்திரக் கதையும் தேவையில்லை.

உள்ளே போனாலும் பார்க்க முடியாதவை இரண்டு உண்டு. தெரிந்துகொண்டு போவது நல்லது. கருவறையைச் சுற்றியுள்ள உள்நடையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் நாயக்கர் காலத்தில் புதிய பூச்சும் ஓவியமும் ஏறிவிட்டதால் நெடுங்காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் அவற்றைக் கண்டுபிடித்தார். சுந்தரர் யானை மேலும் சேரமான் குதிரை மேலும் கயிலைக்குப் போவது, திரிபுரம் எரித்தவரின் பெரும் போர்க்கோலம், தில்லை நடராசர் முன் அரச குடும்பம் ஆகியவை அங்கே இருக்கின்றன. இராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்று புத்தகங்களில் பார்க்கும் இரட்டை உருவம் யாருடையது என்பதில் மட்டும் ஐயம் இருக்கிறது. ஓவியத்துக்குக் கீழே பெயர் எழுதப்படவில்லை. அதற்கு மேல்தளத்தில் பரதரின் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களை, அதாவது நடன நிலைகளை, செதுக்கத் தொடங்கி, 81 முடித்து, மீதி 27 கற்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதற்குப் பதில் இல்லை. இரண்டு தளங்களுக்கும் பொதுமக்களை அனுமதிப்பதில்லை. மூச்சுக்காற்றின் ஈரமே அந்த ஓவியங்களுக்குப் பகை என்பதால் நான் அதைக் குறை சொல்லமாட்டேன். வளாகத்துக்குள் தொல்லியல் துறை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் அவற்றின் புகைப்படங்களைப் பார்க்கலாம். பெரும்பாலோர் அதன் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்; நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

வெளிப்புறத்தில், இராஜராஜன் திருவாயிலின் அடிப்பகுதியில் கையளவுச் சிற்பங்களில் கதைகள் ஓடும். கண்ணப்பரும் சண்டேசரும் மார்க்கண்டேயரும் உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அங்கே வழிகாட்டி அவர்தான், பேரனுக்குக் கதை சொல்லட்டும். வடமேற்கு மூலையில் உள்ள முருகன் கோயில் நாயக்கர் காலத்தது. கல்லில் இவ்வளவு நுணுக்கம் முடியுமா என்று தோன்ற வைக்கும். பெரியநாயகி சன்னிதி 13-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் ஆதிக்கக் காலத்தில் வந்தது. சுற்றுமாளிகையை எடுப்பித்தவன் இராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் இராமன். அதன் தென்மேற்குப் பகுதிச் சுவரில் 1803-இல் வெட்டிய நீண்ட மராத்திக் கல்வெட்டு ஒன்று, தஞ்சையை ஆண்ட மராத்தியரான போன்சலே வம்சத்தின் வரலாற்றைச் சொல்கிறது. ஆக, அந்த முற்றத்தில் சோழர், பாண்டியர், நாயக்கர், மராத்தியர் நால்வரும் இருக்கிறார்கள். அதைச் சோழர் கோயில் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தவர்கள் ஆவோம்.

இப்போது அரண்மனைக் கலைக்கூடம் வீணா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட மூன்றில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். கோயில் சுவரில் 60-க்கும் மேற்பட்ட படிமங்களின் அளவுகளைப் படித்தோம் அல்லவா? அவற்றில் ஆடவல்லான், அந்த நடராசர், கோயிலிலேயே இன்றும் வழிபாட்டில் இருக்கிறார். மிகப் பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை. 2018-இல் அகமதாபாத்திலிருந்து இரண்டு படிமங்கள் இராஜராஜன், ஓலோகமாதேவி என்று அடையாளம் காணப்பட்டுக் கோயிலுக்குத் திரும்பின. ஊரே திரண்டு வரவேற்றது. கல்வெட்டில் சொன்ன அதே படிமங்கள்தாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மக்களின் மகிழ்ச்சியில் ஐயமில்லை. எனவே, இராஜராஜன் காலத்துச் செப்புப் படிமம் எப்படி இருந்திருக்கும் என்று நிதானமாக, அருகில் நின்று, முன்னும் பக்கமும் பார்க்க வேண்டுமானால் அதற்கு இடம் அரண்மனைதான். கோயிலில் பட்டாடைக்கும் மாலைக்கும் உள்ளே இருக்கும் உருவத்தை அங்கே முழுமையாகப் பார்க்கலாம்.

1951-இல் தொடங்கிய கலைக்கூடம் அது. உள்ளே நேராக ரிஷபவாகனரிடம், அதாவது காளையோடு நிற்கும் சிவனிடம், போங்கள். திருவெண்காட்டில் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்தவர். கால்களைச் சற்றே குறுக்காக வைத்து, காளையின் மேல் கையை ஊன்றியபடி நிற்கிறார், காளை இல்லை. பாம்புகளைச் சுற்றித் தலைப்பாகை போல் முடிந்த சடை. காளை இல்லாமலேயே அந்தக் கை எதன் மேல் இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. அதுதான் அந்தச் சிற்பியின் ஆற்றல். திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு அவருக்கு 1011-ஐயும் பக்கத்தில் நிற்கும் தேவிக்கு 1012-ஐயும் தருகிறது. தஞ்சையில் விமானத்துக்குக் குடம் கொடுத்ததற்கு அடுத்த ஆண்டு! அதே மன்னன், அதே காலம். ஒரு கூட்டம் கல்லை மலையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, காவிரிக் கரையில் இன்னொரு கூட்டம் மெழுகைப் பிசைந்துகொண்டிருந்தது. காலையில் விமானத்தையும் முற்பகலில் இவரையும் பார்த்தால் அந்தத் தலைமுறையின் இரண்டு கைகளையும் பார்த்துவிடுகிறீர்கள். திருவெண்காட்டிலிருந்தே வந்த பிட்சாடனரும் கல்யாணசுந்தரரும் அங்கே இருக்கிறார்கள். நாணித் தலை தாழ்த்திய அம்மையின் கையை ஐயன் பற்றியிருக்கும் அந்தக் கல்யாணக் கோலத்தின் முன்னால் உங்கள் அம்மாவை வேண்டிய நேரம் நிற்க விடுங்கள்.

இவற்றை ஏன் புதைத்தார்கள் என்று மகன் கேட்பான். 1311-இல் மாலிக் காபூர் படையெடுத்து வந்தபோது மறைத்தார்கள் என்பது வழக்கமான பதில். சில ஊர்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் ஆபத்துக் காலங்கள் அதற்குப் பின்பும் பல வந்தன. ஒவ்வொரு புதையலுக்கும் அந்த ஒரே காரணத்தைச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. ஐந்து உலோகங்களின் கலவை என்று பொருள்படும் ஐம்பொன் என்ற சொல்லும் அப்படித்தான். இந்தப் படிமங்களில் பெரும்பகுதி செம்புதான்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். கோயில் கல்வெட்டுக்காரர் எழுதிய அதே முறையில் கலைக்கூடத்துப் படிமம் ஒன்றுக்கு அவனே பதிவு எழுதட்டும்: பாதாதி கேசாந்தம் எத்தனை முழம் இருக்கும் என்று தூரத்திலிருந்தே மதிப்பிட்டு, எத்தனை கை, எந்தக் கையில் என்ன, பீடம் எப்படி, பிரபை உண்டா என்று நோட்டில் குறிக்கட்டும். கண்ணாடிப் பெட்டிக்கு முன் அரை நிமிடம் நின்று நகரும் பிள்ளைகளும் இந்த வேலை கையில் இருந்தால் கால் மணி நேரம் நிற்பார்கள். சோர்ந்துபோனால் அரண்மனையில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது, அவனை அங்கே கூட்டிப் போகலாம். ஆயுத கோபுரத்தின் படிகள் செங்குத்தானவை. அம்மாவை ஏற்ற வேண்டாம். அரண்மனையில் பகுதிக்குப் பகுதி தனித்தனி டிக்கெட் என்பதால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனையை எழுப்பியவர்கள் நாயக்கர்கள், விரித்தவர்கள் மராத்தியர்கள். அவர்களில் இரண்டாம் சரபோஜி, 1798 முதல் 1832 வரை ஆண்டவர், அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்ட பிறகு தன் வாழ்வைப் புத்தகங்களுக்குக் கொடுத்தவர். சரஸ்வதி மகால் நூலகம் நாயக்கர் காலத்திலேயே தோன்றியது என்றாலும் அதன் இன்றைய பெருமை அவரால் வந்தது. தமிழ், சமஸ்கிருதம், மராத்தி, தெலுங்குச் சுவடிகள் பல்லாயிரம் அங்கே இருக்கின்றன. சுவடிகள் இருக்கும் பகுதி ஆய்வாளர்களுக்கு உரியது. உங்களுக்குத் திறந்திருப்பது சிறிய காட்சிக்கூடம். சிறியது என்று விட்டுவிடாதீர்கள். கண்நோயாளிகளின் கண்ணை வண்ணத்தில் வரைந்து, நோயையும் சிகிச்சையையும் எழுதி வைத்த மருத்துவப் பதிவுகள் சரபோஜி காலத்தவை. மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டுச் சார்ல் லெ ப்ரன் வரைந்த படங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். சிவகங்கைக் குளத்தின் அருகே 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தில், தன்னை வளர்த்து ஆளாக்கிய அந்தப் பாதிரியாரின் மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்கும் சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. ஜான் பிளாக்ஸ்மன் லண்டனில் செதுக்கியது. கலைக்கூடத்தில் இருக்கும் சரபோஜியின் வெண்சலவைக்கல் உருவமும் அவர் செய்ததே. இரண்டையும் பார்த்தால் அந்த மன்னர் ஓரளவு பிடிபடுவார்.

கும்பகோணத்தைப் பொறுத்தவரை, இரண்டாம் நாளில் பாதியைக் கொடுங்கள். பத்துக் கோயில்களைச் சுற்ற வேண்டாம். தாராசுரம் ஒன்றே போதும். இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எடுத்தது. பெரிய கோயிலோடும் கங்கைகொண்ட சோழபுரத்தோடும் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக இருப்பது. தஞ்சை 1987-இலும் மற்ற இரண்டும் 2004-இலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அங்கும் அடிச்சுவர்தான்: நாயன்மார் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக, பெயர்க் குறிப்புகளோடு வரிசையாக இருக்கின்றன. தாராசுரத்துக் கற்சிற்பங்கள் சில இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கின்றன; சிவனைக் கண்டு மயங்கி நிற்கும் முனிபத்தினியரின் கூட்டம் அவற்றில் ஒன்று. முதல் நாளே அதைப் பார்த்துவிட்டுப் போனால் அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தெரிந்து போவீர்கள். திரும்பும் வழியில் சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறை ஒன்றுக்குள் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவதை இன்றும் பார்க்கலாம். ரிஷபவாகனரைப் பிறப்பித்த வேலை அதுதான். கங்கைகொண்ட சோழபுரத்தை இந்த முறை விடுங்கள். அது அவசரமாகப் பார்க்கும் இடமன்று, அம்மாவுக்குத் தூரமும் அதிகம்.

நேரத்தைப் பற்றிச் சில சொற்கள். முதல் நாள் காலை 6 மணிக்கே கோயிலுக்குப் போய்விடுங்கள். கிழக்கு வெயிலில் விமானம் நிறம் மாறுவது அப்போதுதான், கல் சுடாததும் அப்போதுதான். செருப்பை வெளியே விட வேண்டும். 10 மணிக்கு மேல் கோடை வெயிலில் அந்தக் கல்தளத்தில் அம்மாவால் நடக்க இயலாது. கையில் ஒரு ஜோடி கெட்டியான காலுறை இருக்கட்டும். சுற்றுமாளிகையின் நிழலில் உட்காரத் தாராளமாக இடம் உண்டு. சன்னிதி பகல் 12.30 வாக்கில் மூடி மாலை 4 மணிக்குத் திறப்பது வழக்கம். முற்பகலில் அரண்மனை, பகலில் ஓய்வு, மாலை 5 மணிக்கு மீண்டும் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் எதையும் தேட வேண்டாம், முற்றத்தில் அமர்ந்திருங்கள். பிரதோஷ நாளானால் நந்திக்கு அபிஷேகம் பார்க்கப் பெருங்கூட்டம் வரும். ஐப்பசிச் சதயத்தன்று இராஜராஜன் பிறந்தநாள் விழா, அப்போது அறை கிடைப்பதே கடினம். கூட்டம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் இரண்டையும் நாட்காட்டியில் பார்த்துத் தவிருங்கள். சரஸ்வதி மகாலுக்குப் புதன்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் விடுமுறை. ஆகையால் உங்கள் இரண்டு நாளில் ஒன்று புதன் என்றால் அன்றைக்குத் தாராசுரத்தையும் சுவாமிமலையையும் வைத்துக்கொண்டு, அரண்மனைப் பக்கத்தை மற்ற நாளுக்கு மாற்றுங்கள்.